ஆற்றில் உப்பில்லாத நாள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் தொழில்நுட்ப அறை ஒன்று திறக்கப் போகிறார்கள். பிள்ளைகள் சாமான்களைக் கையால் தொட்டு, கழற்றி, பூட்டி, பிரச்சினை தீர்க்கப் பழக வேண்டுமாம். அந்த அறைக்குப் பொறுப்பான இளம் ஆசிரியர் என் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, கரண்டே இல்லாத காலத்தில நீங்க இதச் செய்தீங்களாம். எழுதித் தாங்க. திறப்பு விழா மலர்ல போடுவம்."

"நான் சொல்றன். நீங்க எழுதுங்க" என்றேன்.

"இல்ல ஐயா, உங்கட கையாலதான்" என்று ஒரு கொப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டார். அது மூன்று கிழமை சும்மா கிடந்தது. எழுதுவது என்றால் ஒரு விசயத்தை மறைக்காமல் எழுத வேண்டும். அதனால்தான் சுணங்கியது.

நான் படித்தது ஆறாம் வகுப்பு வரை. பன்னிரண்டு வயதில் பட்டணத்தில் ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்தேன். கலவரத்தோடு கடை போனது. ஆற்றைக் கடந்து ஊருக்கு வந்தேன். வாவி என்று புத்தகத்தில் எழுதுவார்கள், நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூடத்தில் சிற்றூழியர் வேலை கிடைத்தது. மணி அடிப்பது, கூட்டுவது, கதிரை மேசை திருத்துவது. என் பெயர் தம்பிராசா. பிள்ளைகளுக்கு மாமா.

வாழ்க்கைத் திறன் படிப்பித்த ஆசிரியர் மாற்றம் வாங்கிக்கொண்டு போனார். பதிலுக்கு யாரும் ஆற்றைக் கடந்து வரவில்லை. சண்டை நேரம், யார் வருவார்கள்? ஒருநாள் நான் தலைமை ஆசிரியரான அதிபரின் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் நின்று பார்த்தார்.

"தம்பிராசா, ஏன் ரியூபத் தண்ணிக்குள்ள அமத்திப்போட்டுச் சும்மா இரிக்கீங்க?"

"குமிழி வரட்டும் சேர். வாறதுக்கு முதல் தேடினா இல்லாத ஓட்டையும் தெரியும்."

 அவர் அடுத்த திங்கட்கிழமை அந்தப் பாடத்துக்கு ஒன்பதாம் வகுப்பை என்னிடம் அனுப்பிவிட்டார்.

அந்த அதிபரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டணத்துக்காரர். மெலிந்த ஆள். சிற்றூழியரையும் நீங்கள் என்றுதான் கூப்பிடுவார். நான் படிப்பிக்கும் வேலை அறைக்குள் காலடி வைக்கமாட்டார். கதவடியில் நிற்பார், மணி அடித்ததும் என்னிடம் ஒரே கேள்வி கேட்பார்.

"இண்டைக்கு எத்தின பேர் பிழை விட்டாங்க?"

முதல் நாள் பெருமையாக, "ஒருத்தரும் இல்ல சேர்" என்றேன்.

"அப்ப இண்டைக்குப் பாடம் நடக்கல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நான்தான் எல்லாவற்றையும் செய்து காட்டியிருந்தேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது எனக்கு அவர் கேட்ட பிறகுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு ஒரு முறை வைத்தேன். நாலு பிள்ளைகளுக்கு ஒரு பழுதான சாமான். லாந்தர், தையல் மெசின், ரேடியோ, எது என்றாலும் சரி. முதலில் ஒருவரும் தொடக்கூடாது. இது என்ன செய்ய வேண்டிய சாமான், அதில் எது இன்னும் செய்கிறது, எது செய்யவில்லை. அந்த மூன்றையும் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கழற்றலாம். கழற்றியதை உரச்சாக்கில் வரிசையாக வைக்க வேண்டும். பூட்டும்போது கடைசியில் இருந்து முதலுக்கு வர வேண்டும். ஒரு புரி ஆணி மிஞ்சினாலும் திரும்பக் கழற்ற வேண்டும். வேலை செய்யாவிட்டால் உலுப்பக்கூடாது, தட்டக்கூடாது. கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கை சும்மா இருந்தால்தான் கண் வேலை செய்யும்.

கை கட்டி நிற்பது பையன்களுக்குப் பெரிய தண்டனை. "மாமா, ஒருக்காத் தட்டிப் பாக்கவா?" என்று கெஞ்சுவார்கள். "தட்டினா அது உனக்குப் பயந்து வேலை செய்யுமாடா?" என்பேன்.

பள்ளிக்கூடத்துக் குழாய்க் கிணற்றுப் பம்பி ஒருமுறை தண்ணீர் ஏற்றவில்லை. உள்ளே தோல் வாசர் தேய்ந்துவிட்டது. புதியது கிடைக்காது. நான் ரியூப் ரப்பரை வெட்டிப் போடச் சொன்னேன். போட்டார்கள். ரப்பர் சுருண்டுகொண்டது. இரண்டாம் தரமும் சுருண்டது. கை கட்டி நின்றார்கள். ஒரு பெடியன் மெதுவாகப் பின்னால் போய் ஒரு பழைய கால்பந்தைக் கொண்டுவந்தான். தோல் பந்து. அதை வெட்டி, தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துப் போட்டார்கள். தண்ணீர் வந்தது. விளையாட்டுக்காரப் பையன்கள் இரண்டு கிழமை அவனோடு பேசவில்லை. எனக்கு அந்த யோசனை வரவே இல்லை. அன்றைக்கு அதிபர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ரெண்டு தரம் சேர். ரெண்டும் நான்" என்றேன். முதல் தரமாகச் சிரித்தார்.

இனி யோகமலர்.

அவள் ஒன்பதாம் வகுப்பு. அதிகம் பேசமாட்டாள். தகப்பனுக்கு ஆற்றோரமாக ஒன்றரை ஏக்கர் வயல். அந்த வயல் வட்டையில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தை வெட்டிவிட்ட பிறகு கடல் தண்ணீர் ஏறும். வாய்க்காலில் உப்பு வந்துவிடும். வயலுக்குத் தண்ணீர் இறைக்க முதல் விவசாயிகள் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்ப்பார்கள். யோகமலரின் தகப்பன் வாயில் எந்நேரமும் வெற்றிலை. சுண்ணாம்பில் வெந்த நாக்கு. ஒரு போகம் அவர் பார்த்துவிட்டு நல்ல தண்ணீர் என்று இறைத்தார். ஒரு கிழமையில் பயிர் நுனி கருகிப் போனது.

யோகமலர் என்னிடம் வந்து, "மாமா, உப்புப் பாக்கிறதுக்கு நாக்கு இல்லாம வேற என்ன இரிக்கு?" என்று கேட்டாள்.

"தெரியா. நீ பார்" என்றேன். எனக்கு உண்மையாகவே தெரியாது.

அவள் தேடிக் கண்டுபிடித்தது இதுதான். உப்புத் தண்ணீரில் கரண்ட் ஓடும். நல்ல தண்ணீரில் ஓடாது என்றே சொல்லலாம். இரண்டு ஆணியைத் தண்ணீரில் விட்டு, நடுவில் சின்ன விளக்கை வைத்தால், உப்பு என்றால் எரியும். பழைய கசெட் பெட்டியில் கழற்றிய சிவப்பு விளக்கு ஒன்று எங்களிடம் இருந்தது. கரண்டுக்கு எங்கே போவது? பற்றரியை ஆமிக்காரர் எங்கள் பக்கம் கொண்டுவர விடமாட்டார்கள். செத்த பற்றரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் கரிக்குச்சியையும் வெளித் தகட்டையும் எடுத்தோம். நாலு மருந்துப் போத்தலில் உப்புக் கரைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி, ஒரு தகடு. வயரால் தொடுத்தால் அதுவே பற்றரி. இதைச் செய்து முடிக்க அவளுக்கு இரண்டு மாதம் எடுத்தது. எத்தனை பிழை என்று அதிபருக்குச் சொல்லி மாளாது.

அக்கரையில், பட்டணத்தில், பாடசாலைகளுக்குள் ஒரு கண்காட்சி வந்தது. அதிபர் இதைக் கொண்டுபோவோம் என்றார். தாய் விடமாட்டேன் என்று நின்றாள்.

"உப்புப் பாக்க ஒரு மெசினாம். நாக்கு என்னத்துக்குக் கிடக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்கட வீட்டுக்காரர்ட்டக் கேளுங்க" என்றேன்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பொம்புளப் புள்ளயத் தனிய விட ஏலா. நானும் வாறன்" என்றாள்.

கார்த்திகை மாதம். இரண்டு கிழமை அடைமழை பெய்து விட்டிருந்தது. அதிபர், நான், யோகமலர், தாய், நாலு பேரும் துறைக்குப் போனோம். ஆற்றைக் கடக்கப் பாதைதான். மிதக்கும் பலகைத் தட்டை அப்படிச் சொல்வோம். அக்கரையில் இறங்கினால் ஆமிச் சென்றி, காவலரண். எல்லாரையும் சோதித்துத்தான் விடுவார்கள்.

மறைக்காமல் எழுத வேண்டும் என்று சொன்னது இதைத்தான். சாமான் பெட்டி என் கையில் இருந்தது. நான்தான் கொண்டுபோக வேண்டியது. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் என்னை அந்தத் துறையில் பிடித்து இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அதைப் பற்றி எழுதத் தேவையில்லை. வயரும் போத்தலும் ஒரு ஆம்பிளையின் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிப் பிள்ளைகளின் பையை அந்தச் சென்றியில் மேலோட்டமாகத்தான் பார்ப்பார்கள். பாதை நடு ஆற்றில் போகும்போது, "மகள், இத உன்ட பேக்குல வை" என்று கொடுத்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அதிபர் அந்தப் பக்கம் திரும்பித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சென்றியில் அன்றைக்குப் புது ஆட்கள். எல்லாப் பையையும் கொட்டிப் பார்த்தார்கள். யோகமலரின் பையில் கை விட்டவன் வயரை இழுத்தான். போத்தல் வந்தது. சிவப்பு விளக்கு வந்தது. அவன் கத்தினான். துவக்குகள் திரும்பின. எங்களை மணலில் இருத்தினார்கள். போத்தல்களில் இருந்த உப்புத் தண்ணீரை ஒருவன் மணந்து பார்த்தான், பிறகு நாலையும் மணலில் கவிழ்த்து ஊற்றினான். அவர்களின் பெரியவர் ஒருவர் வந்தார். கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய் பக்கத்தில் நின்றான்.

"இது யாரு சாமான்?"

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

"என்ட" என்றாள் யோகமலர்.

"யாரு செய்யச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நானாத்தான் செய்தன்."

தாய் எழும்பப் பார்த்தாள். இருக்கச் சொன்னார்கள். அதிபர் கடிதத்தை நீட்டினார். பெரியவர் வாசித்துவிட்டு ஏதோ சொன்னார். சிப்பாய் எங்களுக்குச் சொன்னான்.

"கடிதம் யாரும் எழுதலாம். உப்புப் பாக்கிற சாமான் எண்டா இப்ப செய்து காட்ட வேணும். வேல செய்தா போகலாம். செய்யாட்டி இந்தப் பிள்ள இங்க நிக்கணும். பெரிய ஆமிக் காம்புக்கு அனுப்புவாங்க."

தாய் அழவில்லை. என்னைப் பார்த்தாள். நான் மணலைப் பார்த்தேன்.

யோகமலர் மேசைக்குப் போனாள். குச்சி, தகடு, வயர், விளக்கு, எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். போத்தல்களைத் தூக்கிப் பார்த்தாள். வெறும் போத்தல்.

"தண்ணி எடுக்கோணும்" என்று ஆற்றைக் காட்டினாள். ஒரு சிப்பாய் துவக்கோடு பின்னால் போனான். இருபது முப்பது எட்டுத்தான். நாலு போத்தலையும் நிரப்பிக்கொண்டு வந்தாள். குச்சியும் தகடும் வைத்து வயரைத் தொடுத்தாள். இரண்டு ஆணியையும் ஒன்றோடு ஒன்று முட்டவிட்டாள். முட்டினால் எரிய வேண்டும்.

எரியவில்லை.

எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. இரண்டு கிழமை மழை. வெள்ளம் இறங்கி ஆறு நிரம்பிக் கிடக்கிறது. கார்த்திகையில் அந்தத் தண்ணீரில் உப்பு எங்கே இருக்கும்? ஆறு என்றால் உப்பு என்று அவள் பழக்கத்தில் நினைத்துவிட்டாள். எங்கள் ஊரில் யாரும் அப்படித்தான் நினைப்போம். உப்பு என்ற ஒரு சொல்லை நான் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை.

பிறகு இந்தக் கதையைக் கேட்டவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். பிள்ளையே கண்டுபிடிக்கட்டும் என்று பொறுமையாக இருந்தீர்களே என்றார்கள். அது பொய். எனக்குப் பயம். வாயைத் திறந்தால் இது யாருடைய வேலை என்று கண்டுகொள்வார்கள் என்று பயந்தேன்.

அவள் வயரை உலுப்பவில்லை. கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்ன நிக்கிறது? கெதியா!" என்றான் சிப்பாய்.

"பொறுங்க" என்றாள்.

பெரியவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவள் விளக்கைப் பார்த்தாள். விளக்கின் கால் மாறிப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. வயர் முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் போத்தலுக்கு வந்தாள். விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. சிப்பாயிடம் திரும்பினாள்.

"உப்பு வேணும்."

"என்ன?"

"உப்பு. கறிக்குப் போடுற உப்பு. ஆத்துத் தண்ணி இப்ப நல்ல தண்ணி."

அவன் சிங்களத்தில் சொன்னான். பின்னால் இருந்த குசினியில் இருந்து சமையல்காரர் ஒரு சிரட்டையில் உப்போடு வந்தார். தடித்த மனிதர், இடுப்பில் துவாய். யோகமலர் போத்தலுக்கு ஒரு பிடி போட்டு, மூடி, குலுக்கினாள். திரும்பத் தொடுத்தாள். ஆணியை முட்டவிட்டாள்.

சிவப்பாக எரிந்தது. சின்ன வெளிச்சம். அவ்வளவுதான்.

"ஒரு கோப்பை ஆத்துத் தண்ணி தாங்க" என்றாள். கொடுத்தார்கள். இரண்டு ஆணியையும் அந்தக் கோப்பைக்குள் தள்ளித் தள்ளி விட்டாள். விளக்கு அணைந்து கிடந்தது. பெரியவரைப் பார்த்து, உப்பைப் போடுங்கள் என்று கையால் காட்டினாள். அவர் யோசித்தார். ஒரு கிள்ளு போட்டார். மங்கலாக எரிந்தது. இன்னொரு கிள்ளு. வெளிச்சம் கூடியது. மூன்றாம் கிள்ளு போடும்போது அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையல்காரர் உள்ளே ஓடிப்போய் பருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தானே ஆணியை எடுத்துப் பருப்புக்குள் விட்டார். விளக்கு நன்றாக எரிந்தது. அவர் கையை உயர்த்திக்கொண்டு எல்லாருக்கும் ஏதோ சொன்னார். சிப்பாய்கள் சிரித்தார்கள்.

"கறியில உப்பு இல்ல எண்டு இவனுக்குத் தினம் ஏச்சு" என்றான் தமிழ் தெரிந்தவன். "இப்ப சாட்சி இரிக்காம்."

பெரியவர் சிரிக்கவில்லை. யோகமலரின் பெயரைப் புத்தகத்தில் எழுதச் சொன்னார். போகலாம், சாமான் இங்கே இருக்கட்டும் என்றார்.

அதிபர் எழும்பினார். மணலைத் தட்டினார். சட்டைப்பையில் இருந்து பேனையை எடுத்து மேசையில் வைத்தார்.

"சேர், இது பாடசாலைச் சொத்து. வைச்சிருந்தா, பொறுப்பெடுத்த எண்டு ஒரு துண்டு எழுதி ஒப்பம் வைச்சுத் தர வேணும். நான் மேலிடத்துக்குக் காட்டோணும்."

அதைச் சிப்பாய் சிங்களத்தில் சொன்னான். பெரியவர் பேனையைப் பார்த்தார். அதிபரைப் பார்த்தார். பிறகு சாமானைக் கையால் எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்.

நாங்கள் போய்ச் சேரும்போது கண்காட்சியை மூடிக்கொண்டிருந்தார்கள். மேசைத் துணி மடிக்கும் பிள்ளைகள்தான் நின்றார்கள். தாய் கொண்டுவந்த சோற்றை மரத்தடியில் இருந்து தின்றோம். யோகமலர் இரண்டு தரம் சோறு போட்டுத் தின்றாள். நான் தின்னவில்லை.

திரும்பி வரும்போது, பாதையில், அதிபர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பிள்ளையிட பேக்குல ஆர் வைச்ச?"

"நான், சேர்."

 கரையில் இறங்கும்போது, "இண்டைக்கு ஒரு பிழைதான்" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

தாய் இனி விடமாட்டாள் என்று நினைத்தேன். திங்கட்கிழமை யோகமலர் வந்தாள். சாமானை மேசையில் வைத்துக் கழற்றத் தொடங்கினாள். ஆற்றில் உப்பில்லாத காலத்துக்கென்று கடதாசியில் சுற்றிய ஒரு சின்ன உப்புச் சரையை உள்ளேயே வைக்க வேண்டும் என்றாள். நல்லது என்றேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். வரவில்லை.

அவள் தலையைத் தூக்காமல், "மாமா" என்றாள். "அடுத்த தரம் நீங்க கொண்டு வாங்க."

"ஓம்" என்றேன்.

அந்தக் கோடையில் அந்தச் சாமானை வாய்க்காலில் வைத்துத்தான் தகப்பன் தண்ணீர் இறைத்தார். முதலில் நாக்கிலும் வைத்துப் பார்ப்பார், விளக்கையும் பார்ப்பார். நாக்கு நல்லது என்றும் விளக்கு கூடாது என்றும் சொன்ன நாளில் மகளைக் கூப்பிட்டுச் சண்டை பிடித்தார். ஆனாலும் அன்றைக்கு இறைக்கவில்லை.

அடுத்த வருடமும் கண்காட்சி வந்தது. பெட்டியை நான் என் கையில் வைத்துக்கொண்டு பாதையில் ஏறினேன். நடு ஆற்றில் யோகமலர் என் கையைப் பார்த்தாள். நான் அக்கரையைப் பார்த்தேன். இறங்கினோம். இன்னும் ஒரு புது ஆள் இருந்தான். பெட்டியைத் திறந்தான்.

"இது யாரு சாமான்?"

"என்ட" என்றேன்.

மூன்றே எழுத்து. அதைச் சொல்வதற்குள் முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. பதினாலு வயதுப் பிள்ளை எப்படிச் சொன்னாள் என்று அந்த இடத்தில்தான் யோசித்தேன்.

சாமானைச் சோதித்துப் பார்த்துப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டார்கள். அவளும் தாயும் அதிபரும் போனார்கள். என்னை மறித்து வைத்தார்கள். முன்பு என்னைப் பிடித்தபோது எழுதிய பழைய புத்தகத்தில் என் பெயர் இருந்ததாம். கயிறு கட்டிய இடத்துக்குள் வெயிலில் இருந்தேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். பின்னேரம் மூன்று மணிக்கு மேல் அவர்கள் திரும்பி வந்தபோதும் அங்கேதான் இருந்தேன்.

யோகமலர் கயிற்றுக்கு வெளியே வந்து குந்தினாள். சிப்பாய் பார்த்தும் விரட்டவில்லை.

"மூண்டாமிடம், மாமா."

"நல்லம்."

 பிறகு மெல்லமாகக் கேட்டாள்.

"பயமா இரிக்கா?"

"ஓம்."

"எனக்கும் அண்டைக்குப் பயந்தான்" என்றாள். அதிபர் என் அடையாள அட்டையோடு அந்தப் பெரியவரின் மேசைக்குப் போவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு இருந்தோம்.